ரவுட்டரில் இடமில்லை: எந்த ஸ்விட்ச் வாங்குவது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். ரவுட்டரில் நான்கு போர்ட்தான். டிவி, மகளின் ஆபீஸ் லேப்டாப், பிரிண்டர், கேமரா ரெக்கார்டர் என்று நான்கும் நிறைந்துவிட்டது. மாடியில் குடியிருக்கும் தம்பி, தன் டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் வயர் இழுத்துத் தரச் சொல்கிறான். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் ஐந்து போர்ட் ஸ்விட்ச் (ரவுட்டரிலிருந்து வரும் ஒரு நெட் வயரைப் பல சாதனங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) போதும் என்றார். அடுத்த கடையில் எட்டு போர்ட் பிஓஇ ஸ்விட்ச்தான் வேண்டும் என்றார்கள். விலையும் மிக அதிகம். எதை வாங்குவது? எந்த போர்ட்டில் எதைச் செருகுவது? நெட் வேகம் குறையுமா?

பதில்: ஐந்து போர்ட் போதும் என்றவர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு போர்ட் ரவுட்டரிலிருந்து வரும் வயருக்குப் போய்விடும், மிச்சம் நான்குதான். ரவுட்டரிலும் ஒரு போர்ட்டைக் காலி செய்தாக வேண்டும். பிரிண்டரில் வைஃபை இருந்தால் அதைக் கழற்றி வைஃபைக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு வயரை மாடிக்கு இழுத்து, ஸ்விட்சைத் தம்பி வீட்டிலேயே வையுங்கள். ஸ்விட்சை ரவுட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு மாடிப்படி வழியாக இரண்டு மூன்று வயர் இழுப்பது வீண் செலவு. ஆனாலும் நானாக இருந்தால் எட்டு போர்ட்தான் வாங்குவேன். சாதாரண எட்டு போர்ட்டுக்கும் ஐந்துக்கும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். வீட்டில் சாதனங்கள் கூடுமே தவிரக் குறையாது.

பிஓஇ என்பது நெட் வயரிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் வசதி. உங்கள் கேமராக்கள் ஏற்கெனவே ரெக்கார்டரோடு ஓடிக்கொண்டிருக்கின்றன, தம்பிக்கு டிவியும் கம்ப்யூட்டரும்தான். இதில் பிஓஇ-க்கு வேலையே இல்லை, அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

வேகத்துக்குப் பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 10/100/1000 என்று இருக்க வேண்டும். வெறும் 10/100 என்றால், 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினாலும் அந்த ஸ்விட்சில் மாட்டிய சாதனத்துக்கு 100-க்கு மேல் வராது. மற்றபடி ஸ்விட்ச் வேகத்தைத் தின்னாது. எல்லாரும் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் உங்கள் இணைப்பைத்தான் பங்கு போட்டுக்கொள்வார்கள். அது ஸ்விட்ச் இல்லாமலும் நடக்கும்.

பலர் ஏமாறுவது வயரில்தான். நல்ல ஸ்விட்ச் வாங்கிவிட்டு மலிவு வயரைப் போடுகிறார்கள். 1000 வேகத்துக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் சரியாகச் சேர வேண்டும். பிளக் அடிக்கும்போது ஒன்று விட்டுப்போனால்கூட இணைப்பு பெரும்பாலும் 100-க்கு இறங்கிவிடும், நெட் வேலை செய்வதால் யாருக்கும் தெரியாது. வயரில் சிசிஏ (CCA) என்று அச்சிட்டிருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். முழுச் செம்பில் கேட்5இ (Cat5e) அல்லது கேட்6 (Cat6) ரக வயர் கேளுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் மாடிக்கு அது தாராளம்.

எந்த போர்ட்டில் எதைச் செருகுவது என்ற கவலையே வேண்டாம். சாதாரண ஸ்விட்சில் எல்லா போர்ட்டும் ஒன்றுதான், ரவுட்டர் வயரையும் எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். ரவுட்டர் பக்கம் மட்டும் லேன் (LAN) என்று எழுதிய போர்ட்டில் செருகுங்கள். வேன் (WAN) என்று எழுதியிருப்பது வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு.

ஒரே ஒரு தப்பை மட்டும் செய்யாதீர்கள். ஒரு வயரின் இரண்டு முனையையும் அதே ஸ்விட்சில் செருகக் கூடாது. ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் இடையே இரண்டாவது வயரும் கூடாது. தகவல் அதே வட்டத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் இரண்டு வீட்டு நெட்டும் நின்றுவிடும். தொங்கும் பிளக்கைப் பார்த்து யாராவது நல்லெண்ணத்தில் செருகிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, எது எதற்கு என்று எழுதுங்கள்.

ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த அன்றே லேப்டாப்பை எட்டு போர்ட்டிலும் ஒவ்வொன்றாக மாட்டி, ஸ்விட்சில் விளக்கு எரிகிறதா, லேப்டாப்பின் நெட்வொர்க் செட்டிங்கில் வேகம் 1000 காட்டுகிறதா என்று பாருங்கள். ஏதாவது போர்ட் செத்திருந்தால் மறுநாளே கடைக்குக் கொண்டு போங்கள். மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.