கேன்சர் போயிருச்சு, வலி மட்டும் ஏனுங்க போகல?

(கேன்சர் வார்டுல ரொம்ப வருசம் நர்ஸா இருந்த அக்காகிட்ட கேட்டதும், அவங்க சொன்ன பதிலும்)

கோபி பக்கமிருந்து ஒருத்தர்: அக்கா, சம்சாரத்துக்கு மார்புல ஆபரேசன் முடிஞ்சு ரெண்டு வருசமாச்சுங்க. ஸ்கேன்ல ஒண்ணுமில்லீங்கறாங்க, ஆனா கையும் அக்குளும் வலிக்குதுன்னு படுத்தே கெடக்கறா, ஒறம்பரை வந்தாக்கூட எந்திரிக்கறதில்ல. எல்லாம் மனசுலதானுங்களா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த 'மனசுலதான்'ங்கறத அவங்க காதுல உழுகற மாதிரி சொல்லிராதீங்க. வலி நெசம். ஆபரேசன்ல அக்குள் பக்கத்து நரம்பு அடிபடும், ரேடியேசன்ல சதை இறுகிப்போகும், அதெல்லாம் ஸ்கேன்ல தெரியறதில்லீங்க. அதுக்கு மேல வெசனம் சேருது பாருங்க, மூளையில இருந்து தண்டுவடம் வழியா எறங்கி வலிய அடக்கறதுக்குன்னே ஒரு பாதை இருக்குது, அதுக்கு செரடோனின், நார்எபிநெஃப்ரின்னு நரம்புக்குள்ள சேதி கடத்தற ரெண்டு ரசாயனமும் வேணும், டிப்ரசன்லயும் இதே ரெண்டுதான் சம்பந்தப்படுது, அதனால மனசு ஒடிஞ்சு கெடக்கறப்ப அதே வலி பெருசாத் தெரியும். வலியில தூக்கம் போகும், தூக்கமில்லாம வெசனம் ஏறும், கைய அசைக்காமயே வெச்சிருப்பாங்க, தோள் இறுகும், மறுக்காவும் வலி. பிசியோவும் மனநல டாக்டரும் ஒண்ணாவே வேணுமுங்க, ஒண்ணு முடிச்சு ஒண்ணுன்னு தள்ளாதீங்க. புதுசா ஒரு எடத்துல வலி வந்து நாளுக்கு நாள் ஏறுச்சுன்னா மட்டும் ஒடனே கேன்சர் டாக்டர்கிட்ட காட்டீருங்க.

திருப்பூர்ல இருந்து ஒரு தங்கச்சி: பாக்லிடாக்சல் கீமோ முடிஞ்சதுல இருந்து வெரல் நுனியெல்லாம் எரியுதுங்க்கா, ஓவர்லாக்ல துணி புடிக்க முடியல. டாக்டர் டிப்ரசனுக்குக் குடுக்கற டுலோக்செட்டின் எழுதியிருக்காரு. என்னைய பைத்தியம்னு நெனச்சுட்டாருங்களா?

பதில்: இல்ல கண்ணு. கீமோவால வர்ற நரம்பு வலிக்கு 2020ல அமெரிக்க கேன்சர் டாக்டருங்க சங்கம் போட்ட வழிகாட்டுதல்ல சிபாரிசு பண்ணுன ஒரே மாத்திரை அதுதான். மேல சொன்னேன்ல, வலிய அடக்கற அந்தப் பாதையத்தான் அது பலப்படுத்துது. ஆனா மார்புக் கேன்சருக்குக் குடுக்கற டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடறதா இருந்தா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லீரு, பராக்செட்டின், ஃப்ளுவாக்செட்டின் மாதிரி டிப்ரசன் மாத்திரைக அதோட வேலையக் கெடுக்கும், டுலோக்செட்டினும் கொஞ்சம் கெடுக்கும், டாக்டர் பாத்து வேற மாத்திக் குடுப்பாரு. நீயா திடீர்னு நிறுத்தவும் கூடாது.

பொள்ளாச்சியில இருந்து: எங்கப்பாவுக்கு வாய்ப் புத்து சரியாயிருச்சுங்க. ஆனா 'இந்த வலியோட எதுக்கு இருக்கோணும்'ங்கறாரு.

பதில்: சும்மா சொல்றாருன்னு விட்டுராதீங்க. சாகோணும்னு தோணுதுங்களான்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த எண்ணம் வந்துராது. தனியா விடாதீங்க. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர் 14416, காசில்லீங்க, தமிழ்லயே பேசலாம். நடுராத்திரின்னாலும் எடுப்பாங்க, இப்பவே போடுங்க.