கின்னிக்கோழியைத் தோட்டத்தில் திறந்துவிட்டு வளர்த்தால் நரி, கீரியிடமிருந்து தப்புமா?

பகலில் தப்பும். ராத்திரியில் தப்பாது.

கேள்வியைப் பார்த்தால், நீங்கள் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஓசூர் பக்கம் நிலம் வாங்கிப் போட்டு சனி, ஞாயிறு வந்துபோகிறவர் போலத் தெரிகிறது. அப்படியானால் கின்னி வேண்டாம். பொழுது சாயும்போது தினமும் ஆள் இருந்தாக வேண்டும்.

எங்கள் நிலம் தேன்கனிக்கோட்டை தாலுகாவில், காப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது. பகல் முழுக்க கின்னிகள் கூட்டமாகவே திரியும். வல்லூறு நிழல் பட்டால் போதும், ஒன்று கத்த, மற்றதெல்லாம் சேர்ந்து ஊரைக் கூட்டிவிடும். நாட்டுக்கோழிக்கு இந்தச் சூதானம் வராது.

வினை முட்டையில் இருக்கிறது. மழை விழுந்ததும் பெட்டைகள் புதர் தேடிப்போய் எல்லாம் ஒரே குழியில் இடும். இருபது, முப்பது சேர்ந்ததும் ஒன்று அடையில் உட்கார்ந்துவிடும். பொரிக்க 26 முதல் 28 நாள், நாட்டுக்கோழியைவிட ஒரு வாரம் அதிகம். அத்தனை ராத்திரியும் தரையில், தனியாக. நரிக்கும் காட்டுப்பூனைக்கும் வேறென்ன வேண்டும்? எங்கள் வீட்டில் சேவல்கள் மட்டும் மிஞ்சிய வருடம் உண்டு. உண்ணிச்செடிப் புதருக்குள் புள்ளி இறகு ஒரு கைப்பிடி, உடைந்த ஓடு, அவ்வளவுதான். பக்கத்து நிலத்துக்காரர் பார்த்துவிட்டு “சிறுத்தைதான்” என்றார். எங்கள் ஊரில் செருப்பு காணாமல் போனாலும் சிறுத்தைதான்.

மரத்தில் தூங்கட்டுமே என்பீர்கள். புளியமரத்தில் ஏறித் தூங்கத்தான் செய்யும். அங்கே கோட்டான் அடிக்கும், மரநாய் ஏறும்.

இப்போது சாயங்காலம் அம்மா கொட்டிலுக்குள் ஒரு கை ராகியை இறைத்துக் குரல் கொடுப்பார், வந்துவிடும். குஞ்சிலிருந்தே அந்தக் கொட்டிலில் வளர்ந்ததால் வருகிறது. வளர்ந்ததைச் சந்தையில் வாங்கித் திறந்துவிட்டால் அது சொல்லாமல் போய்விடும். குழியில் நாலைந்து முட்டையை விட்டுவிட்டு மீதியை எடுத்து நாட்டுக்கோழிக்கு அடை வைக்கிறோம். கின்னித்தாய் குஞ்சுகளைப் பனிப்புல்லில் இழுத்துக்கொண்டு ஓடும். பாதி நனைந்தே சாகும்.

‘அடைத்துவிட்டு அதை மேய்ச்சல் என்கிறாயா’ என்று யாராவது வருவார்கள். ராத்திரி மட்டும்தான் ஐயா. கண்ணி வை, விஷம் வை என்று யோசனை சொல்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். கீரி இல்லாத காட்டில் எலி என்ன செய்யும் என்று ராகி போட்டவனைக் கேளுங்கள்.

கோழி போனதற்கு நான் யாரிடமும் போய் நின்றதில்லை. ஆனால் யானை மிதித்த ராகிக்கு நிவாரணம் கேட்டுப் போனால், ஃபோட்டோ கொண்டுவா, சிட்டா கொண்டுவா, அடங்கல் கொண்டுவா என்று அலைக்கழித்து, கடைசியில் கையில் வந்தது ஜெராக்ஸ் எடுத்ததற்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போனது. ராத்திரியெல்லாம் பரண்மேல் விழித்துக் கிடந்ததற்கு எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை. சரி, அது வேறு கதை.

இவ்வளவுக்கும் பிறகு வாங்குவதாக இருந்தால், விற்பவர் ஜோடி என்று சொல்வதை நம்பாமல் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். இரண்டு அசையாகக் கத்துவது பெட்டை. சேவலுக்கு அது வராது.