கோழிக்கறி மாதிரி: ரிப்போர்ட் எந்தத் தேதியில் வந்தது?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் 14 வருடமாகக் கோழிக்கடை நடத்துகிறேன். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருவர் புகார் செய்ய, உணவுப் பாதுகாப்பு அதிகாரி பச்சைக் கறியில் மாதிரி எடுத்தார். ஐஸ்கூட இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு போனார். சால்மோனெல்லா இருக்கிறது, ‘பாதுகாப்பற்றது’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. பக்கத்துக் கடையைத் தொடவே இல்லை. சமைத்தால் சாகிற கிருமிக்கு நான் என்ன செய்வேன்? அபராதம் கட்டி முடித்துவிடலாமா?

வக்கீலின் பதில்: பக்கத்துக் கடையை விடுங்கள். ‘சமைத்தால் செத்துவிடும்’ என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லலாம், நோட்டீசுக்கு அது பதிலாகாது.

ரிப்போர்ட் உங்கள் கைக்கு வந்த தேதி என்ன? இவ்வளவு எழுதியவர் அதை மட்டும் எழுதவில்லை. அன்றிலிருந்து 30 நாளுக்குள் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 46(4) பிரிவில் மேல்முறையீடு செய்தால்தான் மறுஆய்வு கேட்க முடியும். ஐஸ் இல்லாத விஷயம் கிருமிச் சோதனையில் கனமான வாதம். அதை அந்த மனுவில் எழுதுங்கள்.

‘தரம் குறைந்தது’ என்று வந்திருந்தால் 5 லட்சம் வரை அபராதம்தான். ஒப்புக்கொண்டு குறைத்துக் கேளுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். உங்களுக்கு வந்திருப்பது ‘பாதுகாப்பற்றது’. அதற்கு 59வது பிரிவு, கிரிமினல் கோர்ட். யாருக்கும் பாதிப்பு இல்லாவிட்டாலும் 3 மாதம் வரை சிறையும் 3 லட்சம் வரை அபராதமும் உண்டு. பிள்ளைக்கு உங்கள் கறியால்தான் வந்தது என்று நிரூபணமானால் சிறை ஒரு வருடம் வரை போகும். சிறை உள்ள குற்றத்தைப் பணம் கட்டி முடிக்க 69வது பிரிவு இடம் தராது.

இங்கேதான் கடைக்காரர்கள் விழுகிறார்கள். ‘ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுங்கண்ணா, ஃபைனோடு முடிச்சிடலாம்’ என்று யாராவது புரோக்கர் வருவார். என் கட்சிக்காரர் ஒருவர் ‘மூன்று நாளாக ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, மன்னிக்கவும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். 30 நாளும் ஓடிப்போனது. சம்மனோடு வந்த காகிதங்களில் முதல் ஆவணமே அவருடைய கடிதம்.

அந்தக் குடும்பத்தோடு மட்டும் சமாதானமாகப் போங்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ‘புகாரை வாபஸ் வாங்கு’ என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது. நுகர்வோர் வழக்கு அதோடு நிற்கலாம், அரசு வழக்கு நிற்காது.

வரும்போது ரிப்போர்ட் வந்த கவரையும், மாதிரி எடுத்த அன்று கையெழுத்துப் போட்ட படிவத்தையும் கொண்டு வாருங்கள். மாதிரியை நான்காகப் பிரிப்பார்கள்; அதில் நான்காம் பகுதியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டீர்களா, படிக்காமலே வேண்டாம் என்றீர்களா என்று பார்க்க வேண்டும்.