பெருநகரப் பள்ளிகளின் தலைமை மாறினால் வகுப்பறையில் ஏதாவது மாறுமா?

கேள்வி: நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளுக்குப் புதிய சான்சலர், அதாவது பள்ளிகள் அனைத்துக்கும் தலைமை நிர்வாகி, வந்திருக்கிறார். மேலே ஒருவர் போய் இன்னொருவர் வருவதால் குழந்தைகளின் படிப்பில் உண்மையில் எதுவும் மாறுமா?

மாறும். ஆனால் அறிவித்தவர் பதவியில் இருக்கும்போதே அந்த மாற்றம் வகுப்பறைக்கு வந்து சேர்வது அபூர்வம். நகரின் குவீன்ஸ் பகுதியில் இரண்டு பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தாயாக நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பதவியைப் பற்றி. ஏறக்குறைய 1,600 பள்ளிகள், 9 லட்சம் அளவில் மாணவர்கள், அமெரிக்காவிலேயே மிகப் பெரிய பள்ளி அமைப்பு இது. 2002 வரை ஏழு பேர் கொண்ட கல்வி வாரியம்தான் சான்சலரை நியமித்தது. அந்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம் அந்த அதிகாரத்தை மேயரிடம் கொடுத்தது. மேயர் மாறினால் பெரும்பாலும் சான்சலரும் மாறுகிறார். மேயர் மாறாவிட்டாலும் மாறுகிறார்.

என் மகள் 2017 செப்டம்பரில் கிண்டர்கார்டனில் சேர்ந்தாள். அப்போது கார்மென் ஃபரீன்யா சான்சலர். அடுத்த வசந்தத்தில் ரிச்சர்ட் கரன்சா வந்தார், 2021 மார்ச்சில் மீஷா போர்ட்டர், 2022 ஜனவரியில் டேவிட் பேங்க்ஸ். அவள் ஐந்தாம் வகுப்பை முடிப்பதற்குள் நான்கு பேர். கரன்சாவுக்கு முன்பு மயாமியைச் சேர்ந்த அல்பெர்டோ கர்வால்யோ பதவியை ஏற்றுக்கொண்டதாக அறிவிப்பே வந்துவிட்டது. மறுநாள் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான கூட்டத்திலேயே அவர் மனம் மாறி மறுத்துவிட்டார். இன்னும் பின்னே போனால், பத்திரிகை நிறுவனத் தலைவராக இருந்து 2011-இல் வந்த கேத்தி பிளாக் நான்கு மாதம்கூட நீடிக்கவில்லை.

வருகிறவர்கள் முதலில் கைவைப்பது நிர்வாக அமைப்பில்தான். 2002 முதல் 2010 வரை சான்சலராக இருந்த ஜோயல் கிளைன் நகரின் 32 பள்ளி மாவட்டங்களைப் பத்து மண்டலங்களாக்கினார். பிறகு அவரே மண்டலங்களைக் கலைத்துவிட்டுப் பள்ளி முதல்வர்களுக்கு அதிகாரம் கொடுத்தார். ஃபரீன்யா அதை மாவட்டக் கண்காணிப்பாளர்களிடமே திருப்பிக் கொடுத்தார். கரன்சா அவர்களுக்கு மேலே இன்னோர் அடுக்கை வைத்தார். கிளைன் காலத்தில் பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போட்டார்கள். ஃபரீன்யா அதை நிறுத்தினார். இவற்றில் எதுவும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை வந்ததில்லை. பெற்றோர் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

வந்தது வாசிப்பு. 2003-இல் கிளைன் பெரும்பாலான பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கிய பாடமுறையின் அடிப்படை, குழந்தை தனக்குப் பிடித்த புத்தகங்களை நிறையப் படித்தால் வாசிப்பு தானாகக் கைகூடும் என்பது. ஃபரீன்யாவும் அதன் தீவிர ஆதரவாளர். தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், எது பொருந்தும் என்று யோசி என்று என் மகளின் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பக்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு பாறை வரைந்திருக்கும், கீழே 'ஸ்டோன்' என்று அச்சிட்டிருக்கும். அவள் படத்தைப் பார்த்து 'ராக்' என்று தயங்காமல் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவாள். கேட்பவருக்குச் சரளமாகப் படிப்பது போலவே இருக்கும். படங்கள் குறைந்து எழுத்து நிறைந்த மூன்றாம் வகுப்புப் புத்தகங்கள் வந்தபோதுதான், அவள் எழுத்துகளைப் படிக்கவே இல்லை என்பது வெளியே தெரிந்தது. இது அவள் ஆசிரியையின் தவறு அல்ல. அவர் பயிற்சியில் கற்றுக்கொடுக்கப்பட்டதை ஒழுங்காகச் செய்தார். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். மேலே எடுத்த ஒரு முடிவு, எடுத்தவர் போய் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் என் பிள்ளையின் வகுப்பில் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

பேங்க்ஸ் அதை மாற்றினார். ஒலிகளையும் எழுத்துகளையும் முறையாகக் கற்பிக்கும் பாடத்திட்டத்துக்கு எல்லாத் தொடக்கப் பள்ளிகளும் மாற வேண்டும் என்று 2023 மே மாதம் அறிவித்தார். அனுமதிக்கப்பட்ட மூன்று பாடத்திட்டங்களில் ஒன்றை மாவட்டக் கண்காணிப்பாளர் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் செப்டம்பரில் ஏறக்குறைய பாதி மாவட்டங்கள் மாறின, எங்களுடையதும் அதில் ஒன்று. என் மகன் கிண்டர்கார்டனில் சேர்ந்தது அதே மாதம். ஒரு சொல்லின் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு விரலைக் கட்டைவிரலில் தட்டி, பிறகு எல்லா ஒலிகளையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்வான். மெதுவாகத்தான் படித்தான், கேட்கப் பொறுமை வேண்டும். ஆனால் பக்கத்தில் இருந்ததைப் படித்தான்.

தேதிகளைக் கவனியுங்கள். மீதி மாவட்டங்கள் மாறியது 2024 செப்டம்பரில். பேங்க்ஸின் பதவிக்காலம் அந்த அக்டோபரில் முடிந்துவிட்டது. அடுத்து வந்த மெலிசா அவிலெஸ்-ராமோஸ் தன் பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்காமல் அந்தத் திட்டத்தையே தொடர்ந்தார். அவரைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை. என்னைக் கேட்டால், அண்மைக் காலத்தில் ஒரு சான்சலர் எங்கள் பிள்ளைகளுக்குச் செய்த மிகப் பெரிய நன்மை அதுதான். ஆசிரியர்கள் ஒரு பாடத்திட்டத்தை முதல் ஆண்டில் புத்தகத்தைப் பார்த்து நடத்துகிறார்கள். மூன்றாம் ஆண்டில்தான் எந்தப் பிள்ளை எங்கே தடுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்து நடத்துகிறார்கள். இரண்டாம் ஆண்டில் புத்தகத்தை மாற்றினால் அந்த உழைப்பு முழுக்க வீண்.

இப்போது மேயர் ஸோரான் மம்தானி, சான்சலர் கமர் சாமுவேல்ஸ். அவர் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்தவர் என்பதால் வகுப்பறைக்குப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று நம்புகிறேன். வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. அதிகபட்சம் மூன்றாம் வகுப்பு வரை 20, எட்டு வரை 23, அதற்கு மேல் 25 என்பது 2022-இன் மாநிலச் சட்டம். மாநிலத் தேர்வும் அவர் கையில் இல்லை. பாடத்திட்டமும் ஆசிரியர் பயிற்சியும்தான் அவர் கையில் இருப்பவை, எனவே உங்கள் கேள்விகள் அங்கேயே போகட்டும்.

உங்கள் மாவட்டக் கல்விக் குழுவின் மாதக் கூட்டத்துக்கு ஒருமுறை போங்கள். பெற்றோர் பேசலாம், கண்காணிப்பாளர் நேரில் இருப்பார், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்கலாம். வாசிப்புப் பாடத்திட்டம் அடுத்த ஆண்டும் இதேதானா, புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி, பயிற்சியாளர் பள்ளிக்கு எப்போதெல்லாம் வருகிறார் என்று கேளுங்கள். பதிலை எழுதி வைத்துக்கொண்டு, ஜூன் மாதக் கூட்டத்தில் மறுபடியும் அதையே கேளுங்கள்.