கோவிட் ரிப்போர்ட் இல்லாவிட்டால் சிகிச்சை கிடையாதா?

கேள்வி: வயது 38. 2021-இல் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. நான் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. அதிலிருந்து ஒருநாள் துணி துவைத்தால் இரண்டு நாள் எழ முடிவதில்லை. நின்றாலே படபடப்பு. அரசு மருத்துவமனையில் ‘எல்லாம் நார்மல், மனக்கவலைதான்’ என்று சத்து மாத்திரை தந்து அனுப்புகிறார்கள். காப்பீட்டு அட்டை உதவுமா?

பதில்: ரிப்போர்ட் இல்லை என்பதற்காக உங்களை ஒதுக்க முடியாது. கோவிட் போன பிறகும் நீடிக்கும் தொல்லைக்கு (‘லாங் கோவிட்’) உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வரையறை, கோவிட் தொற்று வந்திருக்கலாம் என்று கருதப்படுபவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. தொற்றி மூன்று மாதம் ஆன பிறகும் தொல்லை இருக்க வேண்டும், அது இரண்டு மாதமாவது நீடிக்க வேண்டும், வேறு காரணம் பிடிபடக் கூடாது.

அந்த ‘வேறு காரணம்’ முக்கியம். எவையெல்லாம் நார்மல் என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே எல்லாம் இருக்கின்றனவா? இவற்றைப் பார்க்காமல் கோவிட் மேல் பழிபோடுவதும் தவறு, மனக்கவலை என்பதும் தவறு.

படபடப்பு விஷயம் வேறு. படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜியில் இது தப்பிவிடும். நர்ஸிடம் இப்படிக் கேளுங்கள்: 10 நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் குறிக்க வேண்டும். பிறகு சுவரில் தோள் சாய்த்து, குதிகால் அரை அடி தள்ளி, 10 நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் குறிக்க வேண்டும். ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் துடிப்பு மட்டும் படுத்திருந்ததைவிட நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி அப்படியே நீடித்தால், சத்து மாத்திரையால் தீராது. பொது மருத்துவப் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள். மயக்கம் வந்தால் உடனே படுத்துவிட வேண்டும்.

ஓ.பி.யில் டாக்டருக்கு உங்களுக்கென்று கிடைப்பது சில நிமிடங்கள்தான். என்ன வேலை செய்தீர்கள், எத்தனை மணி நேரம் கழித்து உடம்பு விழுந்தது, எத்தனை நாள் கிடந்தீர்கள் என்று இரண்டு வாரம் எழுதி, அரைப் பக்கத்தில் நீட்டுங்கள். ஓ.பி. சீட்டு வாங்க வீட்டில் ஒருவரை முன்னதாக அனுப்புங்கள். வரிசையில் நின்றே நீங்கள் படுத்துவிடக்கூடும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேரும்போதுதான் உதவும். அதற்காகச் சேர வேண்டாம், ஓ.பி.யில் மருந்து இலவசமே. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ‘மறுநாள் விழுந்துவிடுகிறேன், பயிற்சியைத் தினமும் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.’