போர்ட்ரெய்ட் டச்சப்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கல்யாண ஆல்பம், ஸ்டுடியோ போர்ட்ரெய்ட் டச்சப் பற்றி மட்டும் கேளுங்க. எந்த கேமரா வாங்கலாம்னு கேட்டா பதில் வராது.

கேள்வி: ஒரு கல்யாணத்துக்கு 80 போர்ட்ரெய்ட் வருது அண்ணா. ஒண்ணுக்கு அரை மணி நேரம் ஆகுது. எங்கே நேரம் போகுதுன்னே தெரியலை.

பதில்: எண்பதுக்கும் ஒரே கவனிப்பு கொடுக்கிறீங்க தம்பி, அங்கேதான் போகுது. முதல்ல மூணாப் பிரிங்க. அட்டைக்கும் முழுப்பக்கத்துக்கும் போற நாலைந்து படத்துக்கு முழு வேலை. ஓரளவு பெரிசா வர்ற இருபதுக்குப் பரு, மூக்குப் பளபளப்பு மட்டும். மீதி லைட்ரூமோட (கலர், வெளிச்சத்தை மொத்தமாத் திருத்தற சாஃப்ட்வேர்) முடியட்டும். ஒரே லைட்ல எடுத்ததைச் சேர்த்து வச்சு, ஒரு படத்துல ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாவே தெரியற கலர் சமநிலை) சரிபண்ணி, அதே திருத்தத்தை மத்ததுக்கு சிங்க் பண்ணுங்க. போட்டோஷாப் திறக்கும்போது கலர் வேலை முடிஞ்சிருக்கணும்.

முழு வேலையில வரிசை முக்கியம். லிக்விஃபை (முகம், உடம்பு வடிவத்தைத் தள்ளி மாத்தறது) வேணும்னா முதல்லயே. அடுத்து காலி லேயர்ல (படத்து மேல வைக்கற தனி அடுக்கு) பரு துடைக்க ஹீலிங் பிரஷ். சாம்பிள் 'கரன்ட் அண்ட் பிலோ'. பிறகு டாட்ஜ்-பர்ன்: ரெண்டு கர்வ்ஸ் லேயர், ஒண்ணு வெளிச்சம் ஏத்த, ஒண்ணு இறக்க. ரெண்டுக்கும் கறுப்பு மாஸ்க் (லேயரை மறைக்கற திரை, வெள்ளை தீட்டின இடத்துல மட்டும் வேலை செய்யும்), வெள்ளை பிரஷ், ஃப்ளோ 2 இல்ல 3 சதவீதம். எல்லாத்துக்கும் மேல தற்காலிகமா ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயர் வச்சா திட்டு எங்கேன்னு பளிச்சுனு தெரியும். இந்த லேயர் அத்தனையும் ஒரே ஆக்‌ஷன்ல பதிஞ்சு ஒரு ஃபங்ஷன் கீயில வச்சுக்கோங்க. அப்புறம், ஜூமைக் குறைங்க. 200 சதவீதத்துல தெரியற மயிர்க்காலை ஆல்பத்துல யாரும் பார்க்கப் போறதில்லை.

கேள்வி: ஃப்ரீக்வென்சி செபரேஷன் பண்ணினா முகம் பிளாஸ்டிக் மாதிரி ஆகுது.

பதில்: முறையில தப்பில்லை. தோல் நிறத்தைக் கீழ் லேயராவும் துளை, நுணுக்கத்தை மேல் லேயராவும் பிரிக்கறதுதான் அது. கீழ் லேயரை லாஸோவால பெரிசா வளைச்சு பிளர் பண்றீங்க. கன்னத்து வெளிச்சமும் மூக்கோரத்து நிழலும் ஒண்ணாக் கரைஞ்சுடுது. நிழல் எல்லையைத் தாண்டாம சின்னச் சின்னதா எடுங்க. காஷியன் பிளர் அளவைத் தோல் துளை மறையற இடத்தோட நிறுத்துங்க. 8 பிட் ஃபைல்னா அப்ளை இமேஜ்ல சப்டிராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. 16 பிட்னா ஆட், இன்வர்ட் டிக், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. மேல் லேயர் லீனியர் லைட். பிரிச்ச பிறகு ஒரு லேயரை மட்டும் லிக்விஃபை பண்ணினா ரெண்டும் விலகிடும், அதான் வரிசை சொன்னேன். எண்பது படத்துக்கும் இது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நல்ல பிரீசெட் (ஒரே கிளிக்ல போடற ரெடிமேட் செட்டிங்) இருந்தா லிங்க் குடுங்க.

பதில்: மண்டப லைட் மாறினா பிரீசெட்டும் மாறணும். நீங்களே ஒண்ணு செஞ்சுக்கோங்க.

கேள்வி: ஏஐ டச்சப் நம்பலாமா?

பதில்: பருவுக்கு ஓரளவு. ஆனா மூக்குத்தி மினுக்கு, நெற்றியில உதிர்ந்த குங்குமம், பிறவி மச்சம் எல்லாத்தையும் கறைன்னு நினைச்சுத் துடைச்சிடும். தனி லேயர்ல ஓட விட்டு, மாஸ்க் போட்டுத் திருப்பிக் கொண்டு வாங்க.

கேள்வி: பொண்ணு வீட்ல "கொஞ்சம் கலர் ஏத்துங்க"ன்னு கேக்கறாங்க. ஆரஞ்சு லூமினன்ஸ் (ஆரஞ்சு நிறத்தோட வெளிச்ச அளவு) எவ்வளவு வைக்கலாம்?

பதில்: வைக்காதீங்க. தோல் இருக்கற அதே ஆரஞ்சு-மஞ்சள்லதான் தங்க நகையும் பட்டு ஜரிகையும் இருக்கு. முகத்தை ஏத்தினா அட்டிகை வெளிறிடும். மாஸ்க் போட்டு முகத்தை மட்டும் ஏத்தினா கழுத்தும் மருதாணிக் கையும் வேற ஆளோடது மாதிரி நிற்கும்.

இன்னொருவர்: காசு குடுக்கறவங்க கேக்கறாங்க சார். நீங்க பாட்டுக்கு வைக்காதேன்னா?

பதில்: அவங்க கேக்கறது வெள்ளையா இல்ல, பளிச்சுனு. மேடை லைட் தலைக்கு மேல இருந்து விழறதால கண்குழி இருண்டிருக்கும். அந்தக் குழியை டாட்ஜ் பண்ணுங்க, தோல்ல ஏறின பச்சைச் சாயத்தை எடுங்க, மொத்த எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்சத்தை, கால் ஸ்டாப் ஏத்துங்க. காட்டிப் பாருங்க, பெரும்பாலும் அதுக்கே சரின்னுடுவாங்க.

அவரே: எங்க ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க. பக்கத்து ஸ்டுடியோ ஏத்திக் குடுக்கறான்.

பதில்: அப்படி ஏத்தின படத்துல பொண்ணு பக்கத்துல நிக்கற அவங்க அம்மாவைப் பாருங்க. ஒரே நிறத்துல இருக்கற ரெண்டு பேர், ஒரே ஃபிரேம்ல ரெண்டு நிறம். அம்மாவையும் ஏத்துவீங்களா? அப்போ அப்பா? குரூப் போட்டோ வரைக்கும் போகும் இது. கறுப்புத் தோலோட அழகே கன்னத்துல விழற அந்த மினுக்கம்தான். நிழலைத் தூக்கினா சாம்பல் பூசின மாதிரி ஆயிடும்.

மூன்றாமவர்: சாம்பலாவது சிவப்பு குறையறதாலதானே? ரெட் கொஞ்சம் ஏத்தினா?

பதில்: நிழல்ல மட்டும், கர்வ்ஸ்ல, துளி. நல்ல கேள்வி. அதுக்கு மேல போனா வெயில்ல வெந்த முகம் வரும்.

கேள்வி: பிரீசெட் ப்ளீஸ்.

பதில்: மேலே பாருங்க.

கேள்வி: மூக்கு, நெற்றி எண்ணெய்ப் பளபளப்பு?

பதில்: புது லேயர், டார்க்கன் மோட், பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து 15 சதவீத பிரஷ். முழுக்க அழிச்சா மூக்கு சப்பையாகும், பாதி விடுங்க.

கேள்வி: ஸ்கிரீன்ல சரியா இருக்கு, பிரின்ட் இருட்டா வருது.

பதில்: மானிட்டர் பிரைட்னஸ் முழுசா வச்சிருப்பீங்க, குறைங்க. ஃபைலோட கலர் வரம்பு எஸ்ஆர்ஜிபியா அடோபி ஆர்ஜிபியா, எது வேணும்னு பிரின்ட் போடற லேப்ல கேளுங்க. முழு ஆல்பம் அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு முகத்தை மட்டும் சோதனை பிரின்ட் போட்டு வாங்கிடுங்க.

கேள்வி: அண்ணா, 200 சதவீத ஜூம்ல பார்த்தா தோல்...

பதில்: ஜூமைக் குறைங்க.