சமத்துப் பிள்ளை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக்கு வந்து 12 வருடம் ஆகிறது. சாட்ஸ்வர்த்தில் மாமனார் மாமியாரோடு இருக்கிறோம். மகனுக்கு 7 வயது. ஏடிஎச்டி, அதாவது கவனம் நிற்காமல் அடங்காத துறுதுறுப்போடு இருக்கும் குறைபாடு என்று போன வருடம் டாக்டர் சொன்னார். அதற்குத் தினமும் காலையில் ஒரு ரிடாலின் மாத்திரை. பள்ளியில் பரவாயில்லை என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் தட்டு பறக்கிறது. "டீச்சரிடம் ஒழுங்காக இருக்கிறான், உன்னிடம்தான் ஆடுகிறான்" என்கிறார் மாமியார். மாமனார் பிரம்பைத் தேடுகிறார். கணவர் வம்பே வேண்டாமென்று காரில் போய் உட்கார்ந்து போன் பார்க்கிறார். தைப்பூசத்துக்குப் பையனைக் காவடி எடுக்க வைக்கலாம் என்று வேறு பேச்சு. மகளுக்கு 11 வயது, அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. பரத வகுப்பைக்கூட அவளாகவே நிறுத்திக்கொண்டாள், எனக்கு அலைச்சல் மிச்சம். நான் எங்கே தவறினேன் அக்கா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் எங்கேயும் தவறவில்லை. ஏடிஎச்டி வளர்ப்பால் வருவதல்ல, பெரும்பாலும் பரம்பரையில் வருவது. (மாமனாரின் சின்ன வயசுக் கதைகளை மெதுவாக விசாரித்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.)

மாமியார் சொல்வதில் பாதி உண்மை, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு வலிக்கிறது. சாதாரண ரிடாலின் ஏறக்குறைய 4 மணி நேரம் வேலை செய்யும். காலை 7 மணிக்குக் கொடுத்தால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். டீச்சர் பார்ப்பது மருந்தோடு இருக்கும் பையனை. நீங்கள் பார்ப்பது மருந்து இறங்கிய பையனை, அதுவும் பொழுதெல்லாம் தன்னை அடக்கிப் பிடித்துக் களைத்து வந்தவனை. மருந்து இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகளுக்கு எரிச்சல் கூடவும் செய்யும். ஒரு வாரம் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். அதிக நேரம் நிற்கும் வகையும் உண்டு, அது இவனுக்குச் சரிப்படுமா என்று அவர் சொல்லட்டும். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருமகள் சொல்லி எந்த மாமியார் கேட்டிருக்கிறார்?

தென்னாப்பிரிக்காவில் அந்த மருந்து ஷெட்யூல் 6, அதாவது கடும் கட்டுப்பாட்டோடு விற்கும் மருந்துகளில் ஒன்று. ஒரே சீட்டை வைத்துத் திரும்பத் திரும்ப வாங்க முடியாது, மாதாமாதம் புதுச் சீட்டு வேண்டும். அந்த வேலையைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். காரில்தானே உட்காருகிறார், கார் டாக்டர் வாசலில் நிற்கட்டும்.

பிரம்பு விஷயம். 1996-இல் சட்டம் போட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து பிரம்பை எடுத்தார்கள். 2019 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், பெற்றவர்கள் அளவோடு அடிக்கலாம் என்ற பழைய சமாதானமும் இனிச் செல்லாது என்றது. இதைச் சொல்லி மாமனாரை மிரட்டச் சொல்லவில்லை. அடிக்கு அடங்கும் பிள்ளை என்றால் இத்தனை நாளில் அடங்கியிருப்பான் என்று மட்டும் சொல்லுங்கள்.

காவடி பெரியவர்களின் வேண்டுதல் என்றால் பெரியவர்களே எடுக்கட்டும். டர்பன் தை மாத வெயில், மேளம், கூட்டம், இதெல்லாம் இவனுக்கு எதற்கு?

ஜெரால்ட் பேட்டர்சன் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே வைத்துக் கவனித்தவர். பிள்ளை கத்துகிறது, பெரியவர் விட்டுக்கொடுக்கிறார், சத்தம் நிற்கிறது. பிள்ளைக்குக் கேட்டது கிடைத்தது, பெரியவருக்கு நிம்மதி கிடைத்தது. அதனால் அடுத்த முறை கத்தல் இன்னும் உரக்கத் தொடங்கும் என்று அவர் விளக்கினார். உங்கள் வீட்டில் பெரியவர்கள் நாலு பேர். நாலு பேரில் யார் முதலில் இறங்கி வருவார் என்பது பையனுக்கு அத்துப்படி. நாலு பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போங்கள். தட்டை எறிந்தால் யாரும் கத்துவதில்லை, யாரும் பிஸ்கட் நீட்டுவதில்லை. அது பழகட்டும், அப்புறம் அடுத்தது.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன்.

என் அண்ணனும் இப்படித்தான். அப்போது இதற்குப் பெயர் கிடையாது. முதலில் வாலு என்றார்கள், வளர்ந்ததும் முரடன் என்றார்கள். நான் சமத்து. ஒருநாள் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசாக எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள், என் பெயர் வெட்டியது. வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணன் ரேடியோவைப் போட்டு உடைத்திருந்தான். அம்மா தரையில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் டம்ளரை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன். நாலு நாள் கழித்து, அரிசி அளக்கும்போது அம்மா கையில் தட்டுப்பட்டது. "ஏன்டி சொல்லல?" என்றாள். "சும்மாதான்" என்றேன். முந்தானையால் அதைத் துடைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் உள்ளேயிருந்து அண்ணன் கத்த ஆரம்பித்துவிட்டான்.

உங்கள் கடிதத்தில் மகளுக்கு இரண்டே வரி. 11 வயசுப் பிள்ளை பரதத்தை "அவளாகவே" நிறுத்தியதை நான் அவ்வளவு சுலபமாக நம்பமாட்டேன். அம்மாவுக்கு இன்னொரு அலைச்சல் வேண்டாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பாள். கேட்டால் போரடித்தது என்பாள். இந்தச் சனிக்கிழமை பையனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு, அவளை மட்டும் நார்த் பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தம்பி பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். கிளம்பும் முன்னால், அவளுடைய சலங்கை எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா